கிள்ளான் பள்ளத்தாக்கின் களிமண்ணும் சுடுஓட்டுத் தொழில்நுட்பமும்

முன்னுரை

தொடக்ககாலக் கோலாலம்பூரின் வீடுகள் பெரும்பாலும் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆனவை. 1881ஆம் ஆண்டு சனவரியில் மூண்ட தீயும், அவ்வாண்டின் இறுதியில் பெருகிய வெள்ளமும் அந்நகரைச் சிதைத்தன. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்புமாறு வலியுறுத்தினார். அத்தேவையை ஒட்டி யாப் ஆ லோய் சூளைகளை நிறுவிய நிலப்பகுதியே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது.

மண்ணின் இயல்பு

1857இல் ஈயம் தேடுவோர் வந்தடைந்த அம்பாங்கின் கிழக்கே கருங்கல் மலைகள் உள்ளன. இக்கல்லிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமம் மழையாலும் வெப்பத்தாலும் சிதைந்து கயோலினைட் என்னும் களிக்கனிமமாக மாறுகிறது. ஈயமண்ணை அலசும்பொழுது மணல் முதலில் படியும்; நுண்களி நீரோடு நெடுந்தொலைவு செல்லும். இந்நுண்களியை மட்டும் கொண்டு ஓடு செய்தால், காயும்பொழுது அது மிகச் சுருங்கி வெடிக்கும். எனவே மணலையோ, உடைந்த ஓட்டின் தூளையோ கலத்தல் இன்றியமையாதது.

செய்முறை

கல்லும் வேரும் நீக்கிய மண்ணை நீரில் ஊறவைத்து, காற்றுக்குமிழி இல்லாதவாறு பிசைய வேண்டும். அச்சில் வார்த்த ஓட்டை வெயிலில் அன்றி நிழலிலேயே உலர்த்த வேண்டும். மேற்புறம் விரைந்து காய்ந்தால் ஓடு வளையும். ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் இப்படிநிலைக்குப் பொறுமை தேவை.

சூளையில் வெப்பம் மெல்ல ஏற வேண்டும். முதலில் எஞ்சிய ஈரம் வெளியேறும். ஏறத்தாழ 450 முதல் 600 பாகை செல்சியசுக்குள் களிக்கனிமத்தோடு பிணைந்த நீர் நீங்கும். அதன்பின் அம்மண் மீண்டும் நீரில் கரையாது. 573 பாகையில் மணலிலுள்ள குவார்ட்சு திடீரென விரிவடையும். ஆறும்பொழுது அதே பாகையில் சுருங்கும். விரைந்து சுட்டாலோ விரைந்து ஆறவிட்டாலோ விரிசல் தோன்றுவது இதனால்தான். 900 பாகைக்கு மேல் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடித்தன்மை பெற்று, துகள்களை இறுகப் பிணைக்கிறது. ஓட்டின் வலிமை இப்பிணைப்பிலேயே அடங்கியுள்ளது. செந்நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. அது மட்டும் வலிமைக்குச் சான்றாகாது. தட்டினால் கணீரென ஒலிப்பதும், ஒருநாள் நீரில் ஊறியபின் எடை மிகாதிருப்பதும் நல்ல ஓட்டின் அடையாளங்களாம்.

முடிவுரை

1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டாலை, ஆற்றுக்களியைக் கொண்டே கடல்கடந்த சந்தையைப் பெற்றது. பிரிக்பீல்ட்ஸிலோ சூளைகள் மறைந்து பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. பழைய கட்டடங்களின் உடைந்த ஓடுகளுக்கு ஈடு செய்ய, அவற்றின் மண்ணையும் சுடும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின், எஞ்சிய ஓடுகளை ஆய்ந்து அவ்வறிவைப் பதிவு செய்தல் நம் கடமையாகும்.