கலைக்கூடத்திற்கு ஒரு முன்மொழிவு: நம் படைப்பை விளக்கும் உரிமை யாருக்கு?

ஒரு சிறிய கலைக்கூடம் கண்காட்சிக்கான முன்மொழிவுகளைக் கேட்டு அறிவிப்பு வெளியிடுகிறது. அது பண்பாட்டு மையமொன்றின் மாடி அறையாகவோ, நூலகத்தை ஒட்டிய அரங்காகவோ, அறக்கட்டளை ஒன்று நடத்தும் கூடமாகவோ இருக்கலாம். வாடகை குறைவு, நுழைவுக் கட்டணம் கிடையாது. குடும்பத்தில் முதன்முதலாகத் தூரிகையையோ கேமராவையோ கையில் எடுத்த ஒருவருக்குத் திறக்கும் முதல் கதவு பெரும்பாலும் இத்தகைய கூடமே. ஆனால் அறிவிப்பைக் கண்ட மாணவர்களுள் பலர், பத்துப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘வாய்ப்பளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரியைச் சேர்ப்பதோடு நின்றுவிடுகின்றனர்.

அந்த வரி ஒரு மனுவின் வரி. கேட்கப்பட்டதோ முன்மொழிவு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 தன் 2ஆம் பிரிவிலேயே முன்மொழிவு என்பதற்கு வரையறை தருகிறது: ஒருவர் ஒன்றைச் செய்யவோ செய்யாதிருக்கவோ தமக்குள்ள விருப்பத்தை, மற்றவரின் இசைவைப் பெறும் நோக்கில் தெரிவிப்பது. அது ஏற்கப்பட்டால் வாக்குறுதியாகிறது. கலைக்கூடத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு தாளும் தானாகவே ஒப்பந்தமாகிவிடாது என்பது உண்மை. ஆயினும் என்ன பேசப்பட்டது, எது ஏற்கப்பட்டது என்ற கேள்வி பின்னாளில் எழுமானால் முதலில் புரட்டப்படுவது அந்தத் தாள்தான். அழைப்பிதழ், பத்திரிகைக் குறிப்பு, சுவரில் ஒட்டப்படும் விளக்க அட்டை ஆகியவற்றின் சொற்களும் பெரும்பாலும் அதிலிருந்தே எடுக்கப்படுகின்றன. எனவே அதை எழுதுபவரே தம் படைப்பை முதலில் விளக்குகிறார். எழுதாவிட்டால் வேறொருவர் விளக்குவார்.

விளக்கும் உரிமையின் வரலாறு

1969 சனவரியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ‘ஹார்லம் ஆன் மை மைண்ட்’ என்னும் கண்காட்சியைத் திறந்தது. கறுப்பின மக்களின் பண்பாட்டு மையமாகிய ஹார்லமைப் பற்றிய அக்காட்சியில் புகைப்படங்களும் ஒலிப்பதிவுகளும் நிறைந்திருந்தன. ஹார்லமின் கறுப்பின ஓவியர், சிற்பி எவருடைய ஓவியமும் சிற்பமும் அங்கு இல்லை. கறுப்பினக் கலைஞர்கள் அருங்காட்சியகத்தின் முன் மறியல் செய்தனர். அதே ஆண்டில் ரோமேர் பியர்டன், நார்மன் லூயிஸ், எர்னஸ்ட் கிரிச்லோ ஆகிய மூன்று ஓவியர்கள் நியூயார்க்கில் ‘சிங்கே’ என்னும் சிறு கலைக்கூடத்தைத் தொடங்கினர். 1839இல் அமிஸ்டாட் கப்பலில் அடிமைப்படுத்தப்பட்டோரின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவரின் பெயரை அதற்கு இட்டனர். பெரிய நிறுவனங்கள் இடம் தராத இளம் கலைஞர்களின் படைப்புகள் அங்குக் காட்சிக்கு வந்தன.

1972இல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் இயக்கம் தன் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெற்றது. அதே வரலாற்றிலிருந்து இன்னொரு பாடத்தையும் நாம் பெறலாம். ஒரு மக்களைப் பற்றிய கண்காட்சியும் அம்மக்கள் தாமே விளக்கும் கண்காட்சியும் ஒன்றல்ல. நம் சேரிகளையும் தொழில்களையும் துயரங்களையும் படம்பிடித்தோர் பலர். அப்படங்களின் கீழிருந்த சொற்களை எழுதும் வாய்ப்பு நம்மில் சிலருக்கே கிடைத்தது.

முன்மொழிவின் உறுப்புகள்

சிறிய கலைக்கூடத்தில் முன்மொழிவைப் படிப்போர் மூவரோ நால்வரோ கொண்ட ஒரு குழுவினர். அவர்கள் தேடும் விடைகள் எளியவை: எதைக் காட்டுகிறீர்கள்? ஏன் இங்கே? எத்தனை படைப்புகள்? எவ்வளவு இடம்? செலவு யாருடையது? இவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பக்கங்களில் விடை தருவது போதும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மாணவர் ஒருவர் தம் ஊரின் இடுகாட்டுப் பாதையைப் புகைப்படங்களாக எடுத்திருக்கிறார். கருத்துக்குறிப்பில், ‘சமூக அநீதியையும் மானுட வலியையும் என் கேமரா பேசுகிறது’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. அதே மாணவர் இவ்வாறு எழுதட்டும்: ‘எங்கள் சேரியிலிருந்து இடுகாட்டுக்குச் செல்லும் 2 கிலோமீட்டர் பாதையை இரண்டு மழைக்காலங்களில் எடுத்த படங்கள் இவை. பாதை வயல்களின் ஊடே செல்கிறது. நடவுக் காலத்தில் மறைந்துவிடுகிறது. பாடையைச் சுமப்பவர்கள் எங்கே கால் வைக்கிறார்கள் என்பதையே ஒவ்வொரு படமும் காட்டுகிறது.’ இதில் பொருள், இடம், காலம், பார்வை ஆகிய நான்கும் உள்ளன. இடுகாட்டை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும் என்பதை ஒரு வரியில் சேர்த்தால், இக்காட்சி ஏன் தேவை என்பதும் விளங்கிவிடும்.

அடுத்தது படைப்புப் பட்டியல். ஒவ்வொரு படைப்புக்கும் வரிசை எண், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, விற்பனைக்கு உண்டா, மதிப்பு எவ்வளவு ஆகியவை இருக்க வேண்டும். விற்பனைக்கு இல்லாத படைப்புக்கும் மதிப்பைக் குறிப்பிடுவது அவசியம். சேதம் நேர்ந்தால் இழப்பீட்டைக் கணக்கிட அதுவே அடிப்படை.

மூன்றாவது, இடக் கணக்கு. கூடத்தை நேரில் சென்று அளந்து வருவது நல்லது. பயன்படுத்தத்தக்க சுவரின் மொத்த நீளம் 60 அடி என்க. பிரேமுடன் ஒரு படத்தின் அகலம் 2 அடி, இடைவெளி 1 அடி என்றால் 24 படங்களை ஒரே வரிசையில் மாட்ட 73 அடி தேவைப்படும். 18 படங்கள் 55 அடியில் அடங்கும். ஆறு படங்களைக் கைவிடும் முடிவை நாமே எடுத்துவிட்டால், திறப்பு விழாவுக்கு முந்தைய இரவில் பிறர் எடுக்க நேராது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடி உயரத்தில் அமைவது பொதுவான வழக்கம். மாணவர்களும் சக்கர நாற்காலியில் வருவோரும் மிகுதி என்றால் சற்றுத் தாழ்த்தக் கேட்கலாம்.

நான்காவது, செலவுத் திட்டம். அச்சு, பிரேம், போக்குவரத்து, விளக்கு, அழைப்பிதழ் ஆகியவற்றை எழுதும் நாம் கலைஞரின் உழைப்பை எழுத மறந்துவிடுகிறோம். கனடாவின் பதிப்புரிமைச் சட்டம், 1988 சூன் 7க்குப் பின் உருவாக்கப்பட்ட கலைப்படைப்பை விற்பனை அல்லது வாடகை நோக்கமின்றிப் பொதுக் கண்காட்சியில் வைப்பதைக் கலைஞரின் தனி உரிமையாகவே அங்கீகரிக்கிறது. அதனால் அங்குக் காட்சிக்கட்டணம் கோருவதற்குச் சட்டத்தின் துணை உண்டு. நம் சட்டத்தில் அத்தகைய தனி உரிமை வெளிப்படையாகக் கூறப்படவில்லை. ஆகவே கேட்டுப் பெற வேண்டும். சிறிய கூடத்தால் பெருந்தொகை தர இயலாது. ஆயினும் ‘கலைஞர் ஊதியம்’ என்ற வரி செலவுத் திட்டத்தில் இருக்கட்டும்.

ஐந்தாவது, கலைஞர் அறிமுகம். இதில் சாதி அடையாளத்தைக் குறிப்பிடுவதா வேண்டாமா என்பது கலைஞர் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு. ‘தலித் கலைஞர்’ என்று தம்மைப் பெருமிதத்துடன் முன்வைப்போர் உள்ளனர். தம் படைப்பு அந்த ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படுவதை விரும்பாதோரும் உள்ளனர். எதுவாயினும், அறிமுகத்தையும் விளக்க உரையையும் எழுத்துவழி ஒப்புதலின்றி மாற்றக் கூடாது என்று முன்மொழிவிலேயே எழுதிவிட வேண்டும்.

சட்டம் தருவதும் தராததும்

பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி பொதுவாகப் படைத்தவரே முதல் உரிமையாளர். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. ஓவியத்தை விற்பதாலேயே அதன் பதிப்புரிமை வாங்கியவரிடம் சென்றுவிடாது. ஊதியம் பெற்றுக்கொண்டு பிறருக்காக எடுக்கும் புகைப்படத்தில், வேறு உடன்பாடு இல்லையெனில், பணித்தவரே முதல் உரிமையாளராகிவிடுவார் என்பதைப் புகைப்படக் கலைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பைத் தம்முடையதென உரிமை கோரவும், தம் மதிப்புக்கு ஊறு விளைவிக்கும் சிதைப்பை எதிர்க்கவும் படைப்பாளிக்கு உரிமை தருகிறது. தில்லி விஞ்ஞான் பவனிலிருந்த தம் வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் அகற்றப்பட்டுச் சேதமடைந்ததை எதிர்த்து, சிற்பி அமர்நாத் சேகல் இப்பிரிவின்கீழ் வழக்காடினார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய சிற்பத்தை அவரிடம் ஒப்படைக்கவும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

இவ்வளவு வலுவான அப்பிரிவிலேயே ஒரு விளக்கக் குறிப்பும் உண்டு. படைப்பைக் காட்சிப்படுத்தத் தவறுவதோ, படைப்பாளி மனநிறைவு கொள்ளுமாறு காட்சிப்படுத்தாததோ இந்த உரிமையை மீறியதாகாது என்கிறது அது. படத்தைக் கழிப்பறைக்குச் செல்லும் இடைவழியில் மாட்டினாலும், வரிசையைக் குலைத்தாலும், பாதிப் படங்களை மாட்டாமலே விட்டாலும் இப்பிரிவு துணைக்கு வராது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை நம் முன்மொழிவும் அதன் அடிப்படையில் அமையும் உடன்பாடுமே. எந்தச் சுவர், எந்த வரிசை, எத்தனை நாள் என்று எழுதி வைப்பதன் பொருள் இதுதான்.

உடன்பாட்டில் கையொப்பமிடுமுன் மேலும் சிலவற்றைக் காண வேண்டும். ‘எல்லா உரிமைகளும் கூடத்துக்கே’ என்ற தொடர் இருந்தால் அடித்துவிட்டு, ‘இக்கண்காட்சியின் விளம்பரத்துக்காக மட்டும், இன்ன காலம் வரை படங்களைப் பயன்படுத்தலாம்’ என்று எழுதச் சொல்லலாம். 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தாலே செல்லும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்தாண்டுகளாகவே கொள்ளப்படும். விற்பனையில் கூடத்தின் கமிஷன் எத்தனை விழுக்காடு, பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், ஏற்றி இறக்குகையில் சேதமானால் யார் பொறுப்பு, விற்காதவை எந்த நாளில் திரும்பும் ஆகியவையும் எழுத்தில் வேண்டும்.

படத்தில் உள்ளவரின் உரிமை

நம் உரிமையைப் பேசும்போது, நம் படங்களில் நிற்போரின் உரிமையை மறக்கலாகாது. வன்கொடுமை நிகழ்ந்த ஊரில் எடுத்த படம் நகரத்துச் சுவரில் தொங்கலாம். படத்தில் உள்ளவர் அதே ஊரில்தான் நாளையும் வாழ வேண்டும். படம் எங்கே, எதற்காகக் காட்டப்படும் என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் கூறி இசைவு பெறுவதும், திறப்பு நாள் வரை அவர் மறுக்கலாம் என உறுதியளிப்பதும் நம் கடமை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு தண்டிக்கிறது. குழந்தைகள் தொடர்பில் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் உண்டு. பெயரை மறைத்தால் மட்டும் போதாது. வீடு, தெரு, உறவினர் முகம் ஆகியவற்றாலும் அடையாளம் வெளிப்படும்.

எதிர்ப்பு எழும்போது

சாதியைப் பேசும் கண்காட்சிக்கு எதிர்ப்பு வரலாம். சிறிய கூடத்தின் நிர்வாகிகள் அஞ்சுவது இயல்பே. 1989இல் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், போராட்டம், ஊர்வலம், வன்முறை ஆகியவற்றின் அச்சுறுத்தலைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது என்றும், அதைக் காப்பது அரசின் கடமை என்றும் கூறியது. அவ்வழக்கு ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்த் திரைப்படத்தைப் பற்றியது. அப்படமோ சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை விமர்சித்தது. நம் உரிமைக்கு எதிராகப் பேசிய படத்தைக் காத்த அத்தீர்ப்பு, நம் படங்களையும் காக்கக் கடமைப்பட்டது. ஆகவே, ‘எதிர்ப்பு எழுந்தால் கலைஞரைக் கலந்து பேசாமல் எந்தப் படைப்பும் அகற்றப்படாது, அகற்றினால் காரணம் எழுத்தில் தரப்படும்’ என்ற வரியைச் சேர்க்கக் கேட்போம்.

முன்மொழிவு நிராகரிக்கப்பட்டால் காரணம் கேட்டு எழுதுவதில் தவறில்லை. இடம் போதாமையோ தேதி நெருக்கடியோ காரணமாயின் திருத்தி மறுமுறை அனுப்பலாம். அமைப்புகளாக நாம் செய்யவேண்டியவையும் உண்டு. தமிழில் எழுதிய முன்மொழிவை ஆங்கிலத்தில் எழுதியதற்கு இணையாக ஏற்குமாறும், எழுத இயலாத கைவினைஞர் நேரில் சொல்ல அனுமதிக்குமாறும் கலைக்கூடங்களைக் கோருவோம். கல்லூரிகளில் அம்பேத்கர் வாசகர் வட்டங்கள் ஏப்ரல் நிகழ்வுகளுக்கு நாள் குறிக்கும்போதே, முன்மொழிவு எழுதும் பயிலரங்கு ஒன்றுக்கும் நாள் குறிக்கட்டும். ஓர் ஓவியர், ஒரு வழக்கறிஞர், ஒரு அளவு நாடா, சில வெள்ளைத் தாள்கள் அதற்குப் போதும்.