கீரனூர்ப் பள்ளி மாணாக்கரும் ஆங்கிலமும்: தமிழிலக்கணம் செய்யும் துணை

புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம் கீரனூர். திருச்சிராப்பள்ளியினின்றும் புதுக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் அமைந்தது இவ்வூர். 1948 வரை புதுக்கோட்டைத் தனியரசின்கீழ் இருந்த இந்நிலப்பகுதி, பின்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்திருந்து, 1974-இல் தனி மாவட்டத்தின் உறுப்பாயிற்று. இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அரசுப் பள்ளிகளிற் பயிலும் சிறாருள் பெரும்பாலோர்க்கு வீட்டு மொழியும் கடைத்தெரு மொழியும் தமிழே. பஸ், டிக்கெட், சைக்கிள், பஞ்சர் முதலிய சொற்களாக ஆங்கிலம் அவர்தம் செவிக்கு எட்டுகின்றது, வாக்கியமாக எட்டுவதில்லை. வாக்கியத்தைப் பாடநூலே தருகின்றது. இத்தகைய மாணாக்கர்க்கு ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கற்பிக்குங்கால், அவர்கள் முன்னரே அறிந்த தமிழ் எவ்வாறு துணையாகும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சியால் வரும் பயன் யாது என வினவலாம். 1968-இல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கையை மேற்கொண்டது முதல், தமிழும் ஆங்கிலமுமே அரசுப் பள்ளிகளின் மொழிப்பாடங்கள். தமிழ்வழியிற் பயின்றவர்க்குப் பொறியியற் கல்வியில் அமைப்பியல், இயந்திரவியல் ஆகிய இரு துறைகளில் மட்டும் 2010-இல் தமிழ்வழி தொடங்கப்பெற்றது. 2020-இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு நூற்றுக்கு 7.5 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. அடுத்த ஆண்டில் பொறியியல் முதலிய தொழிற்கல்விக்கும் இவ்வொதுக்கீடு விரிந்தது. கீரனூர்ப் பகுதியின் உழவர் மகள் மருத்துவக் கல்லூரியுட் புகுதல் இதனால் இயல்வதாயிற்று. ஆயின், புகுந்த முதல் நாளிலேயே உடற்கூற்றியலை ஆங்கிலத்திற் கேட்க வேண்டியவள் அவள். இடம் பெற்றுத் தந்த அறிவு குன்றாதிருப்பினும், மொழியின் பொருட்டு அவள் பின்தங்க நேரின், அக்குறை அவளுடையது அன்று; பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் கற்பித்தும் அதனைக் கைவரச் செய்யாத முறையினுடையது.

அம்முறையின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். வங்காளத்தில் ஆசிரியப் பணி புரிந்த மைக்கேல் வெஸ்ட் 1926-இல் வெளியிட்ட இருமொழியம் பற்றிய நூலில், இந்திய மாணாக்கர்க்கு ஆங்கிலத்தைப் படித்தறியும் திறனே முதற்கண் வேண்டுவது என்றார். 1950-களின் இறுதியில் சென்னை மாநிலம் வேறொரு நெறியிற் சென்றது. பயிற்சி பெற்ற சிலர் பிறர்க்குப் பயிற்சி தர, அவர் மேலும் பலர்க்குத் தர, இவ்வாறு 27,000 ஆசிரியர்களைப் புதிய முறைக்குப் பழக்க முயன்றனர். உருண்டு செல்லுந்தோறும் பருக்கும் பனிப்பந்து என்று அம்முயற்சிக்கு ஆங்கிலேயர் பெயரிட்டனர். வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பன்முறை சொல்லுவித்தல் அம்முறை. தாய்மொழி விளக்கத்திற்கு அதில் இடம் சிறிதே. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் பள்ளிகளில் நடத்திய சோதனை இதற்கு மாறாக எழுந்தது. கால அட்டவணையையோ நிலப்படத்தையோ தந்து, அதிலிருந்து விடை காணச் செய்தால், கருத்து பொருளில் நிற்க, மொழி தானே படியும் என்பது அவர் கொள்கை. திருச்சிராப்பள்ளி, கீரனூர், புதுக்கோட்டை, காரைக்குடி என்னும் இருப்புப்பாதை வழியின் கால அட்டவணையைக் கொண்டே இப்பாடத்தை நடத்தலாம். இக்கொள்கையை யாமும் பெரிதும் உடன்படுகின்றோம். எனினும், படியாமல் எஞ்சுவன சில உள. அவற்றிற்குத் தமிழிலக்கணமே மருந்தாகும்.

முதற்கண் ஒலியை நோக்குவாம். 'ஸ்கூல்' என்பதனை 'இஸ்கூல்' என ஒலிக்கும் சிறுவனைப் பலர் நகுவர். அவனோ தமிழொலி மரபின் வழிநிற்பவன். மொழிமுதலில் மெய்ம்மயக்கம் தமிழுக்கு இல்லை. அயற்சொற்களின் முன் உயிர் ஒன்றைச் சேர்த்து வழங்குதலை நன்னூலாரும் விதியாகவே கூறினார். லோகம் உலகமானதும் அவ்வாறே. எனவே, அவனை நகாது, 'இகரத்தை விட்டு ஸகரத்தை நீட்டிச் சொல்' என்று இடமறிந்து திருத்துதலே தக்கது.

இனிச் சொற்றொடர்க்கு வருவோம். ஆசிரியர் பலர்க்கும் அலுப்புத் தரும் பிழை 'டிட் நாட் கேம்' என்பது. இறந்தகாலம் கூற வேண்டுதலின் 'கேம்' என்னும் இறந்தகால வடிவமே வரும் என மாணாக்கன் எண்ணுகின்றான். அவனிடம் 'வந்தான்' என்பதன் எதிர்மறை யாது எனக் கேட்போமாக. 'வரவில்லை' என்பான், 'வந்தவில்லை' எனக் கனவிலும் சொல்லான். ஈண்டு வினை காலங்காட்டாத 'செய' என்னும் வாய்பாட்டு எச்சமாய் நின்று, எதிர்மறையை 'இல்லை' ஏற்கின்றது. ஆங்கிலத்திலும் 'கேம்' என்பது 'கம்' என வெறும் வடிவாய் நிற்க, 'டிட் நாட்' அச்சுமையை ஏற்கின்றது. காலத்தையும் 'டிட்' காட்டுவது ஒன்றே வேறுபாடு. 'வந்திலன்' என்னும் செய்யுள் வழக்கில் வினையிலேயே காலம் நிற்குமே எனப் புலவர் தடை எழுப்பலாம். இன்றைய வழக்கினையே யாம் கூறினோம் என்க. ஐம்பது முறை ஒருங்கே ஓதியும் நில்லாதது, இவ்வொப்புமையைக் கண்ட பின்னர் நிற்றல் கூடும்.

'ஏ', 'தி' என்னும் சுட்டுச் சொற்களோ இதனினும் கடியவை. தமிழில் இவை இல்லை என்று கூறி அமைதலே பெருவழக்கு. 'ஏ' என்பதற்கு 'ஒரு' என்றும், 'தி' என்பதற்கு 'அந்த' என்றும் பொருள் கூறுவாரும் உளர்; அதனால், 'தி சன்' என்பதற்கு 'அந்தச் சூரியன்' எனப் பொருள் கொண்டு, வேறு சூரியனும் உண்டோ என மாணாக்கன் மயங்குவான். உண்மையில் இவ்வேறுபாட்டைத் தமிழ் பிறிதோரிடத்தில் உணர்த்துகின்றது. 'புத்தகம் வாங்கினேன்' என்பதனையும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதனையும் ஒப்பிட்டு நோக்குக. முன்னது ஏதேனும் ஒரு புத்தகம். பின்னது கேட்போனும் அறிந்த புத்தகம். அஃறிணைச் செயப்படுபொருளில் ஐகார உருபு தொக்கு நிற்குமிடம் 'ஏ' என்பதற்கும், விரிந்து நிற்குமிடம் 'தி' என்பதற்கும் பெரும்பாலும் ஒக்கும். எல்லாவிடத்தும் ஒவ்வாது, எழுவாய்க்கு இவ்வழி உதவாது. ஆயினும், அறிந்ததும் அறியாததும் என்னும் பாகுபாடு தன் நாவிலேயே உள்ளது எனச் சிறுவன் உணர்தல் பெரும்பேறு. வேற்றுமைத்தொகை கற்பிக்கும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பள்ளியில் இருந்தும், இச்செய்தி ஓர் அறையினின்று மற்றோர் அறைக்குச் செல்லாதிருத்தல் வியப்பே.

'எனக்கு இரண்டு தம்பிகள் உளர்' என்னும் தொடரில் உடையவன் நான்காம் வேற்றுமையில் நிற்பான். ஆங்கிலத்தில் அவனே எழுவாயாகி, 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என வரும். பசி, விருப்பம், அறிவு ஆகியவற்றைக் கூறுமிடத்தும் இம்மாற்றம் நிகழும். திணைப் பாகுபாடோ நேரே உதவுவது: 'ஹூ' உயர்திணைக்கும், 'விச்' அஃறிணைக்கும் உரியன என்றால் விளக்கம் முடிந்தது. 'அவர்' என்பதனை ஆங்கிலமாக்குங்கால் மட்டும், ஆணோ பெண்ணோ எனத் தெளிந்து கொள்ளுதல் வேண்டும்.

2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பெற்றமையை இதற்குத் தீர்வெனக் கருதுவார் உளர். மொழியே விளங்காத வகுப்பில் அறிவியலையும் அம்மொழியிற் கூறினால் இரண்டும் கெடும் என்பது எம் கருத்து. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்பினர்க்குத் தமிழையும் ஆங்கிலத்தையும் கணக்கையும் அவரவர் நிலையறிந்து கற்பிக்க முற்பட்டது. நிலையறிதல் நல்ல தொடக்கமே. அந்நிலையுள் மாணாக்கனின் தமிழறிவையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

துணையென வந்து தடையாவதும் ஒன்று உண்டு. ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவைத்துப் படிக்கும் வழக்கமே அது. வல்லெழுத்து ஒன்றே இடத்திற்கேற்ப வல்லொலியும் மெல்லொலியும் பெறுதல் தமிழ் முறை. அவற்றிற்குத் தனித்தனி வரிவடிவம் இல்லை. 'பேட்' என எழுதினால் அது பந்தடிக்கும் மட்டையோ, தீயது என்னும் பண்போ, மெல்லத் தட்டுதலோ என அறிய இயலாது. எழுதுவித்த ஆசிரியர் அருகில் உள்ளவரை இடர் இல்லை. வீட்டில் தனியே படிக்குங்கால் மூன்றும் ஒன்றாகிவிடும். ஆதலின், இலக்கண விளக்கம் தமிழில் நிகழ்க. சொல் மட்டும் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கில எழுத்திலேயே எழுதப்பெறுக. குறிப்பேட்டில் தமிழெழுத்துக்கு இடப்பக்கத்தில் இடம் வைப்பின், அங்கே ஒலியை எழுதாது பொருளை எழுதச் செய்தல் போதும்.