யாருக்கான மருத்துவச் சந்தை?

இந்திய மருத்துவத் துறை உலக முதலீட்டாளர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்து வருகிறது. மருத்துவமனைகளில் 100 சதவீத அந்நிய நேரடி முதலீட்டுக்கு 2000-ஆம் ஆண்டு முதலே அனுமதி உண்டு. மருத்துவக் கருவி உற்பத்திக்கு 2015-இல் அதே வழி திறக்கப்பட்டது. காப்பீட்டுத் துறையில் 26 சதவீதமாக இருந்த வரம்பு 2015-இல் 49 ஆகவும், 2021-இல் 74 ஆகவும் உயர்ந்தது. மலேசியாவின் ஐஎச்எச் நிறுவனம் 2018-இல் ஃபோர்ட்டிஸ் மருத்துவமனைகளின் பெரும் பங்குதாரராயிற்று. 2023-இல் சிங்கப்பூரின் டெமாசெக் நிறுவனம் மணிப்பால் மருத்துவமனைகளின் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்றது. அதே ஆண்டில் அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன், கேர் மருத்துவமனைகளை வாங்கியது.

இந்த முதலீடுகள் பெரும்பாலும் பெருநகரங்களையே நாடிச் செல்கின்றன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை போன்ற காவிரிப் படுகை மாவட்டங்களுக்கு இதில் என்ன பங்கு? வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய நாம் அனுமதிக்க வேண்டும்? இந்த இரு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அயல்நாட்டு மருத்துவம் தஞ்சைக்குப் புதிதன்று. 1798 முதல் 1832 வரை அரசாண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தாம் நிறுவிய தன்வந்திரி மகாலில் நாட்டு மருத்துவ முறைகளையும் ஐரோப்பிய மருத்துவத்தையும் ஒருங்கே போற்றினார். மேலைநாட்டு அறுவைக் கருவிகளைத் தருவித்தார். கண் நோயாளிகளின் நிலையைப் படங்களுடன் பதிவு செய்த அவர் காலத்துக் குறிப்பேடுகள் சரசுவதி மகால் நூலகத்தின் அரிய செல்வங்கள். எந்தக் கருவி தேவை, எந்த நோய்க்குத் தேவை என்பதை அன்று தஞ்சையே முடிவு செய்தது. இன்று நாம் இழந்துவிடக் கூடாதது அந்த முடிவெடுக்கும் உரிமைதான்.

படுகை மாவட்டங்களில் மருத்துவத் தேவை பெருகி வருவதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. 2021-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி தமிழக மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்த நிலை இது. இங்குள்ள ஊர்களில் இளைஞர்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட, வயதான பெற்றோர் மட்டும் வீட்டைக் காத்துக் கிடக்கும் தெருக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாடெங்கும் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023-இல் தெரிவித்தது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் முற்றும்போது சிறுநீரகமும் இதயமும் கண்ணும் பழுதாகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், எண்ணெய், எரிவாயு அகழ்வு, உலோக உருக்காலை போன்ற தொழில்கள் இப்பகுதியில் புதிதாக வருவதைத் தடுக்கிறது. அது சரியான முடிவு. அதே வேளையில், நிலத்தையும் நீரையும் கெடுக்காமல் வேலைவாய்ப்புத் தரக்கூடிய துறைகளை இங்கே கொண்டுவர வேண்டிய பொறுப்பும் அதனால் கூடுகிறது. கழிவுகளை முறையாகக் கையாண்டால், மருத்துவச் சேவை அத்தகைய துறைகளில் ஒன்று.

ஆனால், தேவை பெருகுவதால் மட்டும் வாங்கும் சக்தி பெருகிவிடாது. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஊக்கத்தொகையையும் சேர்த்துத் தமிழகத்தில் சாதாரண ரக நெல்லுக்கு 2025 செப்டம்பர் முதல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் தரப்படுகிறது. ஏக்கருக்கு 20 குவிண்டால் விளைந்தால் வரவு 50,000 ரூபாய். உழவு, நடவு, உரம், அறுவடைக் கூலி, குத்தகை எல்லாம் போக மிஞ்சுவது அதில் ஒரு சிறு பகுதிதான். மழையோ வெள்ளமோ வந்துவிட்டால் அதுவும் இல்லை.

இந்தக் கணக்குடன் இதய ரத்தக் குழாயில் பொருத்தப்படும் ஸ்டென்ட்டின் கதையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மருந்து தடவிய ஸ்டென்ட் ஒன்று 2017 தொடக்கம் வரை சராசரியாக 1.21 லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டது. இன்றைய நெல் விலையிலும்கூட இரண்டு ஏக்கரின் மொத்த விளைச்சல் அதற்குப் போதாது. அந்த ஆண்டு பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதன் உச்ச விலையை வரி நீங்கலாக 29,600 ரூபாயாகக் குறைத்தது. அதன்பின் சில அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் உயர்ரக ஸ்டென்ட்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற அனுமதி கோரின. இந்தியாவுக்கு அளித்துவந்த வணிகச் சலுகையை 2019-இல் அமெரிக்கா விலக்கிக்கொண்டதற்கு, அந்நாட்டு மருத்துவக் கருவித் துறையினரின் புகாரும் ஒரு காரணம். ஆயினும் விலை வரம்பு நீடித்தது. ஸ்டென்ட் சிகிச்சையும் நிற்கவில்லை. உறுதியான விதியின் கீழும் இந்தியச் சந்தையை விட்டுப் போக எவரும் எளிதில் விரும்புவதில்லை என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

தமிழகத்தில் இத்தகைய விதிகளை வகுக்கும் வலிமை அரசிடம் உள்ளது. ஏனெனில், இங்கே மிகப் பெரிய வாடிக்கையாளர் அரசுதான். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளையும் கருவிகளையும் மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைத்த முறை, பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாயிற்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தனியார் மருத்துவமனைகளிலும் சிகிச்சைக்குரிய கட்டணத்தை முன்கூட்டியே வரையறுக்கிறது. 1959-இல் தொடங்கப்பட்ட தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியுடன் 2010-இல் திருவாரூரும், 2022-இல் நாகப்பட்டினமும் சேர்ந்துகொண்டன. மயிலாடுதுறை மாவட்டம் இன்னும் அரசு மருத்துவக் கல்லூரிக்காகக் காத்திருக்கிறது.

அப்படியானால் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இங்கே இடம் எது? நட்சத்திர விடுதியைப் போன்ற மருத்துவமனைகளுக்கு இங்கே பெரிய தேவை இல்லை. மூன்று துறைகளில் உண்மையான வாய்ப்பு இருப்பதாகக் கருதுகிறேன்.

முதலாவது, டயாலிசிஸ் சிகிச்சை. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை இந்தச் சிகிச்சை பெற வேண்டிய ஒருவர் வேதாரண்யம் பகுதியிலிருந்து தஞ்சைக்கு வந்து திரும்புவதென்றால் அன்றைய கூலி போய்விடும். துணைக்கு வருபவரின் கூலியும் போய்விடும். இதற்கான இயந்திரங்களில் பெரும்பாலானவை ஜெர்மனி, ஜப்பான் நாடுகளின் நிறுவனங்களுடையவை. வட்ட மருத்துவமனைகள்தோறும் அவற்றை நிறுவிப் பராமரிக்கும் பொறுப்பை அந்நிறுவனங்கள் ஏற்கலாம்.

இரண்டாவது, முதியோர் பராமரிப்பு. முதுமையை நமக்கு முன்பே சந்தித்த ஜப்பானிடம் இதில் நீண்ட அனுபவம் இருக்கிறது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் வீடுகளுக்கே செல்கிறது. அதன் தொடர்ச்சியாகப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்களை உள்ளூர்ப் பெண்களிலிருந்து உருவாக்கும் நிறுவனங்கள் வந்தால், நோயாளிக்கும் பயன், ஊருக்கும் வேலை.

மூன்றாவது, கருவி உற்பத்தியும் பழுதுபார்ப்பும். நம் மருத்துவக் கருவித் தேவையில் பெரும்பகுதி இன்னும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப், 1992-இல் அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையின் துணையுடன் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கியது. இறக்குமதி லென்ஸ் விலையில் ஒரு சிறு பங்குக்கு அது விற்கப்பட்டது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. அயல்நாட்டுத் தொழில்நுட்பம் நம் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவற்றை வரவேற்கும்போது சில நிபந்தனைகள் கட்டாயம். ரத்தப் பரிசோதனை இயந்திரத்தை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுத்துவிட்டு, அதற்குரிய வேதிப்பொருளைத் தன்னிடம் மட்டுமே வாங்க வைப்பது இத்துறையில் பழக்கமான வணிக முறை. எனவே, ஒப்பந்தம் போடும்போதே வேதிப்பொருள், உதிரி பாகங்கள், பராமரிப்பு ஆகிய அனைத்தின் விலையையும் ஏழெட்டு ஆண்டுகளுக்கு நிர்ணயித்துவிட வேண்டும். பழுதான கருவியை எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதும், தவறினால் என்ன அபராதம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். படுகை மாவட்டங்களின் பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்குப் பழுதுபார்ப்புப் பயிற்சி அளிப்பதையும் நிபந்தனையாக்க வேண்டும். கட்டணப் பட்டியலை நோயாளியின் கண்ணில் படும்படி வைப்பது எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவிதியாக வேண்டும்.

அந்நிய முதலீடு என்றாலே கொள்ளை என்பாரும், சந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பாரும் நம்மிடையே உள்ளனர். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து நேரடியாகக் கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது. 2021-22-இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. புதிய முதலீடு இந்தப் பங்கை மேலும் குறைக்குமா, மீண்டும் ஏற்றிவிடுமா என்பதே நாம் கைக்கொள்ள வேண்டிய அளவுகோல். குறைக்கும் என்றால் எந்த நாட்டு நிறுவனமானாலும் வரட்டும். கூட்டும் என்றால், உள்நாட்டு நிறுவனமே ஆனாலும் அதற்கு அரசு சலுகை வழங்கக் கூடாது. ஒரு போக விளைச்சலை ஒரே நோய்க்குக் கொடுத்துவிட்டு அடுத்த நடவுக்குக் கடன் தேடும் நிலை எந்த விவசாயிக்கும் வரலாகாது.