பிறருக்காக எழுதிக் கற்றல்

படித்தது விளங்கிவிட்டது என்று நாம் எப்போது துணிந்து கூறலாம்? விரிவுரை கேட்கும்போது எல்லாம் தெளிவாகவே தோன்றுகிறது. கரும்பலகையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்கிறோம். ஆசிரியர் அனுப்பும் குறிப்புகளைச் சேர்த்து வைக்கிறோம். இவையெல்லாம் களஞ்சியத்தில் மூட்டை அடுக்குவது போன்றவை. உள்ளே இருப்பது நெல்லா, பதரா என்பது அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். அவிழ்த்துப் பார்க்க நான் அறிந்த சிறந்த வழி, கற்றதை இன்னொருவர் படிப்பதற்காக எழுதுவதே.

மைக்கேல் பாரடே இவ்வழியில் கற்றவர். இலண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய அவருக்குக் கல்லூரிப் படிப்பு இல்லை. 1812-ஆம் ஆண்டில், கடைக்கு வரும் ஒருவர் தந்த சீட்டினால் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்பிரி டேவியின் சொற்பொழிவுகள் நான்கைக் கேட்டார். குறித்தவற்றை விரித்து எழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் ஆய்வுக்கூட உதவியாளர் இடம் காலியானபோது டேவி அவரையே அமர்த்திக்கொண்டார்.

இது பலரும் அறிந்த கதை. எனக்கு இதைவிடச் சுவையாகத் தோன்றுவது, 1812 ஜூலையில் அவர் தம் நண்பர் பெஞ்சமின் ஆபட்டுக்கு எழுதிய கடிதம். துத்தநாகத் தகட்டில் அரைப்பென்னி அளவில் ஏழு வட்டங்கள் வெட்டி, ஏழு அரைப்பென்னிச் செப்புக் காசுகளோடு சேர்த்து, இடையிடையே உப்புநீரில் நனைத்த காகிதம் வைத்து மின்கல அடுக்குச் செய்ததை அதில் விவரிக்கிறார். காகிதத் துண்டுகள் ஏழு என்று தொடங்கியவர், அதே வரியில் ஆறு என்று திருத்திக்கொள்கிறார். ஏழு இணைகளுக்கு நடுவே இடைவெளி ஆறுதானே! கை செய்த வேலையைக்கூட, நண்பனுக்கு எழுதும்போதுதான் மனம் எண்ணிப் பார்க்கிறது.

நம் பாடத்துக்கு வருவோம். என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை. அது பெருகும் திசையிலேயே இயற்கை செல்லும். தேர்வுத்தாளுக்கு இது போதும். இதையே பி.எஸ்ஸி. முதலாண்டுத் தம்பி ஒருவனுக்குத் தமிழில் எழுதித் தாருங்கள். "அப்படியானால், குலுக்கி வைத்த எண்ணெயும் நீரும் தாமே பிரிந்து ஒழுங்காக நிற்பானேன், அண்ணா?" என்று கேட்பான். அங்கே பேனா நின்றுவிடும். எண்ணெயைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகள் விரும்பியவாறு திரும்ப இயலாமல் கட்டுண்டு கிடக்கின்றன. எண்ணெய் ஒன்றுசேர்ந்ததும் சூழவேண்டிய பரப்புக் குறைந்து, அவற்றுள் பல விடுதலை பெறுகின்றன. கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றினும் மொத்தக் கணக்கில் என்ட்ரோபி கூடியே இருக்கிறது. இவ்வளவையும் நூலைப் புரட்டி அறிந்த பிறகே பேனா நகரும். 'ஒழுங்கின்மை' என்னும் சொல் தனியே நின்று எவ்வளவு பாரம் தாங்கும் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

ஆங்கிலத்தில் எழுதினால் நூலின் தொடரையே திருப்பி எழுதித் தப்பிவிடலாம். தமிழில் அப்படிக் கடன் வாங்கத் தொடர் எளிதில் அகப்படாது. பொருள் தெரிந்தாலன்றி வாக்கியம் முடியாது. கலைச்சொல் கிடைக்கவில்லையே என்று தயங்க வேண்டா. என்ட்ரோபியை என்ட்ரோபி என்றே எழுதினால் தமிழ்த்தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். வேற்றுத்துறை அன்பர் ஒருவர் அதைப் படித்து, விளங்காத இடங்களில் கோடிட்டுத் தரட்டும். எதைக் கொடுத்தாலும் "பிரமாதம்" என்று சொல்லும் நண்பரை மட்டும் இவ்வேலைக்கு அழைக்காதீர்கள்.