பத்து சதவீத நேர்மை

முதுநிலைப் பொறியியல் மாணவரின் இரண்டு ஆண்டுகளும் எண்களைச் சுற்றியே ஓடுகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைகளைப் புரட்டினால் தெரியும்: 75 சதவீத வருகை வேண்டும், மருத்துவச் சான்று இருந்தால் 65 வரை பொறுத்துக்கொள்வார்கள், தேர்ச்சிக்கு 50 மதிப்பெண், நான்கு செமஸ்டர் படிப்பை எட்டு செமஸ்டருக்குள் முடித்தாக வேண்டும். இவற்றில் பெரிய குறை இல்லை. வருகையை எண்ணலாம், மதிப்பெண்ணைக் கூட்டலாம். எண்ணி அறிய முடியாத ஒன்றுக்கும், அதாவது நேர்மைக்கும், ஒரு சதவீதம் குறித்து வைத்ததில்தான் சிக்கல்.

எம்.இ. படிப்பை பி.இ.யிலிருந்து பிரித்துக் காட்டுவது கடைசி ஓராண்டு ப்ராஜெக்ட்தான். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) 2018 மாதிரிப் பாடத்திட்டம் மொத்தம் 68 கிரெடிட்டில் 26-ஐ அதற்கே ஒதுக்குகிறது. அந்த உழைப்பு சொந்தமானதுதானா என்று பார்க்க, பல்கலைக்கழக மானியக் குழு அதே 2018-இல் ஓர் ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. ஆய்வேட்டின் வாசகம் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் திருத்திய பிரதியைக் கொடுக்கவே ஓராண்டு தடை. அதற்கும் மேல் போனால் பதிவு ரத்து. உரிய முறையில் காட்டிய மேற்கோள், நூற்பட்டியல், நிலையான சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் வராது. கச்சிதமான சட்டம்தான். ஆனால் பிறரது படைப்பை மட்டுமல்ல, பிறரது கருத்தைத் தனதென்று காட்டுவதையும் திருட்டு என்றே அதே ஒழுங்குமுறை வரையறுக்கிறது. வரையறையில் கருத்து இருக்கிறது. தண்டனை அட்டவணையிலோ சொற்கள் மட்டுமே எண்ணப்படுகின்றன.

பொறியியலில் இந்த ஓட்டை இன்னும் பெரிது. ஓர் எம்.இ. ஆய்வேட்டின் உயிர் அதன் வாசகத்தில் இல்லை. எழுதிய ப்ரோகிராமில், சிமுலேஷனில், ஆய்வகத்தில் எடுத்த அளவீடுகளில் இருக்கிறது. வாசகத்தை ஒப்பிடும் மென்பொருளுக்கு இவை தெரியாது. ஒரு கான்கிரீட் கியூபைக்கூட உடைத்துப் பார்க்காமல் அதன் வலிமையை அட்டவணையில் நிரப்பியவருக்கு, அந்த எண்கள் உலகில் வேறெங்கும் இல்லை என்பதால் ஒப்புமை பூஜ்யம். 'ஐ.இ.இ.இ. ப்ராஜெக்ட்' என்று பலகை வைத்த சென்டரில் காசு கொடுத்து வாங்கியதற்கும், அது புதிதாக எழுதப்பட்டிருந்தால், பூஜ்யமே. சோதனை முறையை இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 516-இல் உள்ளபடி வரி பிசகாமல் எழுதிவைத்த நேர்மையான மாணவரோ 14 சதவீதத்தில் மாட்டிக்கொள்ளக்கூடும். மாட்டியவர் என்ன செய்வார்? வாக்கியத்தைத் திருப்பிப் போடுவார், சொல்லை மாற்றுவார். எண் இறங்கிவிடும், ஆய்வு இருந்த இடத்திலேயே இருக்கும்.

சொல்லை மாற்றும் இந்த வேலையை மென்பொருளிடமே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2021-இல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகசினோவ் ஆகிய மூவரும் கணினித் துறைக் கட்டுரைகளில் விசித்திரமான சொற்றொடர்களைக் கண்டெடுத்தார்கள். 'ஆர்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்'. 'பிக் டேட்டா'வுக்குப் பதில் 'கொலோசல் இன்ஃபர்மேஷன்'. ஒப்புமைச் சோதனைக்குத் தப்புவதற்காக வாசகத்தை இயந்திரத்தில் போட்டு அரைத்ததன் தடயங்கள் என்று அவர்கள் கருதினார்கள். இப்படிப்பட்ட கட்டுரைகள் பெயர்பெற்ற பதிப்பகத்தின் இதழிலும் வந்திருந்தன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இந்தக் கோணல் சொற்களுக்கும் தேவையில்லை. வழவழப்பான புது வாசகம் நொடியில் கிடைக்கிறது. ஒப்புமை பூஜ்யத்தைத் தொடுகிறது. இதற்கு மாற்றாக 'ஏ.ஐ. சதவீதம்' என்று இன்னொரு எண்ணைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய பிழைக்குப் புதுச் சட்டை.

எண்ணை எடுத்துவிட்டால் கைடின், அதாவது வழிகாட்டிப் பேராசிரியரின், விருப்பு வெறுப்புதானே ஆளும் என்று கேட்பார்கள். நியாயமான அச்சம். கைடிடம் மனக்கசப்பு உள்ள மாணவருக்கு, 'என் சிமிலாரிட்டி 8 சதவீதம்' என்று நீட்டும் தாள் ஒரு கேடயம். சாதியும் சிபாரிசும் புழங்கும் வளாகத்தில் அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் துறை அளவிலும் நிறுவன அளவிலும் குழுக்கள் அமைக்க அதே ஒழுங்குமுறை சொல்கிறது. துறைக் குழுவில் வெளித்துறைக்காரர் ஒருவர் இருந்தாக வேண்டும். மாணவருக்குக் காப்பு அங்கேதான் இருக்கிறது: கைடு அல்லாத கண், எழுத்தில் காரணம். எண்ணை அழிக்கச் சொல்லவில்லை. அது விசாரணையைத் தொடங்கிவைக்கட்டும். தீர்ப்பு சொல்ல வேண்டாம். 35 சதவீதம் வந்தால் எங்கே, ஏன் என்று படித்துப் பார்க்க வேண்டும். 3 சதவீதம் வந்தாலும் படிக்க வேண்டும்.

எண்ணை நம்பி ஏமாறுவது மானியக் குழுவுக்கும் புதிதல்ல. பிஎச்.டி. மாணவர் ஆய்வேட்டைத் தருமுன் இதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட வேண்டும் என்று 2016-இல் விதித்தது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களுக்கு அந்தக் கட்டாயமும் தீனியாயிற்று. நல்ல இதழ்களை அடையாளம் காட்ட 'கேர்' பட்டியல் வந்தது. 2022 நவம்பரில் அந்தக் கட்டாயமே விலக்கப்பட்டது. 2025-இல் பட்டியலும் கைவிடப்பட்டது. பிஎச்.டி.க்குக் கற்ற இந்தப் பாடம் எம்.இ. ஆய்வேட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இவ்வளவையும் பார்க்கப் பேராசிரியர்களுக்கு நேரம் ஏது என்பது இன்னொரு கேள்வி. புதிதாக நேரம் தேட வேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழக விதியிலேயே ப்ராஜெக்டுக்கு மூன்று ரிவ்யூ உண்டு. முடிவில் வெளித்தேர்வாளரோடு வைவா உண்டு. பவர்பாயின்ட் ஸ்லைடுகளை ஓட்டிக் காட்டுவதில் கரையும் அந்த நேரத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ப்ரோகிராமை அங்கேயே ஓட்டச் சொல்லுங்கள். உள்ளீட்டில் ஒன்றை மாற்றி, விடை ஏன் மாறியது என்று கேளுங்கள். ஆய்வகக் குறிப்பேட்டைத் தேதியோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சொதப்பிய சோதனைகளும் அதில் இருக்கட்டும். விலைக்கு வாங்கியவர் இரண்டாவது கேள்வியைத் தாண்டுவது கடினம். ஏ.ஐ.யின் துணையோடு எழுதினாலும் வேலையைத் தானே செய்தவர் தடுமாற மாட்டார்; ஆங்கிலம் சரளமாக வராத மாணவருக்கு இது வாசகத்தை எண்ணுவதைவிட நியாயமான சோதனையும்கூட. தமிழில் விளக்கினாலும் ஏற்கலாம்.

ஆய்வேட்டில் திருட்டு இல்லை என்று கைடும் சான்று தர வேண்டும் என்கிறது 2018 ஒழுங்குமுறை. அந்தச் சான்றில் நான்கே வரி கூடுதலாகக் கேட்கலாம்: எந்தத் தேதியில், எந்தத் தரவை, எந்த இடத்தில் தானே பார்த்தார் என்று. கூடுதல் வேலை என்று சிலர் முணுமுணுப்பார்கள். அந்த நான்கு வரியை எழுத முடியாதவர் இத்தனை நாளாக எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார் என்பதையும் பல்கலைக்கழகம் கேட்டாக வேண்டும்.