கணிப்பொறிக் குற்றமும் காக்கும் வழக்கறிஞரும்

"குற்றவாளிக்காக வாதாடுவதும் ஒரு தொழிலா?" என்று கேட்போர் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரையில் கூண்டில் நிற்பவர் குற்றவாளி அல்லர், குற்றஞ்சாட்டப்பட்டவரே. கணிப்பொறி வழக்குகளில் கண்ணால் கண்ட சாட்சி பெரும்பாலும் இருப்பதில்லை. கருவியே சாட்சி. அச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதே எதிரிதரப்பு வழக்கறிஞரின் பணி.

அவர் எழுப்பும் முதல் வினா, கருவியை இயக்கிய கை யாருடையது என்பது. இணைய முகவரி, இணைப்பு யார் பெயரில் உள்ளது என்பதையே காட்டும். விடுதியில் ஓர் இணைப்பைப் பலர் பயன்படுத்துகிறோம். அவருள் தட்டச்சு செய்தவர் எவர் என்று அது சொல்லாது. 2004இல் சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில், ஒரு பெண்ணை இழிவுபடுத்தி இணையத்தில் எழுதிய வழக்கு நடந்தது. "வேறெவரோ எழுதினர்" என்றது எதிரிதரப்பு. இணைய நிலையத்தார் சாட்சியும் வல்லுநர் சான்றும் அவ்வாதத்தை முறியடித்தன, தண்டனை கிடைத்தது. வினா எழுந்ததால் தீர்ப்பு வலுவிழக்கவில்லை, வலுப்பெற்றது.

இரண்டாம் வினா, சான்று மாறாமல் இருக்கிறதா என்பது. ஆய்வுக்கூடத்தில் மாதிரிப் புட்டிக்கு முத்திரையிடுகிறோம் அல்லவா? கோப்புக்கும் அத்தகைய முத்திரை உண்டு. அதன் பெயர் ஹாஷ். எஸ்.எச்.ஏ.256 என்னும் முறை, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 குறிகளாகச் சுருக்கும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அக்குறிகள் முற்றிலும் மாறிவிடும். கைப்பற்றிய நாளில் கணித்த குறியும் நீதிமன்றத்தில் கணித்த குறியும் ஒத்திராவிட்டால், வழக்கறிஞர் வாய் திறப்பார்.

மூன்றாவது, சட்டம் கேட்கும் சான்றிதழ். 2001இல் தில்லி நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. அவ்வழக்கில், தொலைபேசிப் பதிவுகளைச் சான்றிதழ் இல்லாமலும் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் கூறியது. கேரளத் தேர்தல் வழக்கொன்றில் 2014இல் மூன்று நீதிபதிகள் அக்கருத்தை மாற்றினர்: நகலைக் காட்டினால் சான்றிதழ் வேண்டும். 2020இல் மீண்டும் அதுவே உறுதியாயிற்று; மூலக் கருவியையே உரியவர் கொணர்ந்து மெய்ப்பித்தால் மட்டும் சான்றிதழ் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் சான்றிதழில் ஹாஷ் குறியும் வல்லுநர் கையொப்பமும் இடம்பெறுகின்றன.

நண்பர்களே, இவை நமக்குத் தொலைவானவை அல்ல. சிறு தொகைக்காக வங்கிக் கணக்கை இரவல் கொடுத்தால், ஏமாற்றிய பணம் அதில் ஓடும். காவல்துறை கணக்குக்குரியவரையே முதலில் தேடி வரும். அப்படி அழைப்பு வந்தால் அஞ்சிச் செல்பேசியில் உள்ளவற்றை அழிக்காதீர்கள். நம் குற்றமின்மையைக் காட்டும் சான்றும் அதிலேயே இருக்கக்கூடும். இந்தியில் எழுதிய தாளில் பொருள் அறியாமல் கையொப்பமிடாதீர்கள். காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் குற்றத்தை மெய்ப்பிக்காது. கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தருகிறது. பொருள் இல்லை என்று கலங்கவும் வேண்டா; 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் இருப்பவர் இலவச சட்ட உதவி பெறலாம்; தில்லியில் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் அதனை வழங்குகிறது.

ஊரை விட்டு வந்த நமக்கு இங்கே உற்றார் இல்லை. உரிமையை அறிந்திருப்பதே உற்ற துணை.