கல்லூரிப் பனித்தளம் – 6: கோல் கீப்பர் போன மறு வருஷம்

ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளர் நெட் ஹார்க்னஸை சென்ற வாரம் டிராய் நகரத்தில் விட்டுவிட்டு வந்தோம். 1954இல் அவருடைய ரென்செலர் பாலிடெக்னிக் அணி, இறுதியாட்டத்தில் மினசோட்டாவை ஓவர்டைமில் 5-4 என்று சாய்த்து தேசியப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்ததையும் பார்த்தோம். அதன்பின் நடந்ததைக் கேட்டால் கிழக்கு அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இன்றும் முகம் சுண்டும். 1955 முதல் 1966 வரை பன்னிரண்டு ஆண்டுகள் கோப்பை மேற்கை விட்டு அசையவில்லை. மிச்சிகன், டென்வர், நார்த் டகோட்டா, மிச்சிகன் டெக் என்று அங்குள்ளவர்களே கைமாற்றிக்கொண்டார்கள். 1967இல்தான் கிழக்குக்குத் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் அதே ஹார்க்னஸ். கல்லூரிதான் வேறு.

நியூயார்க் மாநிலத்தின் உள்பகுதியில், கயூகா ஏரிக்கு மேலே குன்றின் மீது உட்கார்ந்திருக்கும் ஊர் இதாகா. கார்னெல் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. ஐஸ் ஹாக்கி அங்கே 1900 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. வளாகத்துக்குள்ளேயே ஃபால் க்ரீக் ஓடையைத் தேக்கி உண்டாக்கிய பீபி ஏரி உண்டு. குளிர்காலத்தில் அது உறையும், மாணவர்கள் ஸ்கேட் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். 1911இல் அந்த அணி ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் கல்லூரிகளுக்கிடையிலான பட்டத்தை வென்றிருக்கிறது. ஆனால் ஏரியை நம்பி எத்தனை நாள் அணி நடத்த முடியும்? உறையாத வருஷம் ஆட்டம் இல்லை, பயிற்சியும் இல்லை. 1940களின் கடைசியில் அணியையே மூடிவிட்டார்கள். கிட்டத்தட்ட பத்து வருஷம் கார்னெலில் ஹாக்கியே கிடையாது.

1957இல் லைனா ரிங்க் கட்டி முடிந்தது. செயற்கைப் பனித்தளம், மேலே கூரை, சுற்றிலும் சுமார் நாலாயிரம் பேர் உட்காரலாம். பழைய மாணவர் ஒருவர் கொடுத்த கொடையில் எழுந்த கட்டடம். முன்னாள் விளையாட்டுத் துறை இயக்குநர் ஜேம்ஸ் லைனாவின் பெயரைச் சூட்டினார்கள். அணி உயிர் பெற்றது, ஆனால் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஹார்வர்ட் வந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ளும். 1963இல் ஹார்க்னஸை அழைத்தார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நம்மூர் ஹாக்கிக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. இங்கே பக்கத்துக்கு ஆறு பேர், அதில் ஒருவர் கோல் கீப்பர். பந்துக்குப் பதில் ‘பக்’ என்ற தட்டையான கறுப்பு ரப்பர் வில்லை. இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். தப்பு செய்தவன் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அதுவரை அவன் அணி ஓர் ஆள் குறைவாகத்தான் ஆடும். ஓடுகிற ஓட்டம் அப்படிப்பட்டது என்பதால் யாரும் ஒரேயடியாகத் தளத்தில் நிற்க மாட்டார்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆளை மாற்றுவார்கள். கோல் கீப்பர் மட்டும்தான் முழு நேரமும் நிற்பார். அதனால் நல்ல கோல் கீப்பர் கிடைத்துவிட்டால் பாதி ஆட்டம் கைக்கு வந்தமாதிரி என்பது இந்த விளையாட்டில் ஊறிப்போன நம்பிக்கை. இந்த வாரக் கதையே அந்த நம்பிக்கையைப் பற்றியதுதான்.

ஹார்க்னஸுக்கு இதாகாவில் ஒரு சிக்கல் இருந்தது. கார்னெல், ஐவி லீக் என்ற எட்டுக் கல்லூரிக் கூட்டத்தில் ஒன்று. விளையாடுகிறான் என்பதற்காக யாருக்கும் உதவித்தொகை தரமாட்டோம் என்பது அந்தக் கூட்டத்தின் விதி. மேற்கத்திய அணிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் கார்னெலுக்கு வேறொரு வசதி இருந்தது. அது தனியார் பல்கலைக்கழகம்தான் என்றாலும், அதற்குள் வேளாண்மைக் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகள் நியூயார்க் மாநில அரசின் பணத்தில் நடப்பவை. கட்டணம் குறைவு. ஹார்க்னஸ் ஒட்டாவாவில் பிறந்தவர், கனடாவில் எந்த ஊரில் எந்தப் பையன் ஆடுகிறான் என்று அறிந்தவர். படிப்பும் வரும், பக்கையும் விரட்டத் தெரியும் என்ற கனடியப் பையன்களாகப் பார்த்துப் பிடித்தார். சில ஆண்டுகளிலேயே கார்னெல் அணியில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கென் டிரைடன். ஆறடி நான்கு அங்குல உயரம். 1964இல் தொழில்முறை அணிகள் இளைஞர்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது பாஸ்டன் ப்ரூயின்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்து, உடனே மாண்ட்ரியல் கனடியன்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பாஸ்டன் தன்னை எடுத்த சங்கதியே அவருக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. அவர் மாண்ட்ரியலுக்குப் போகவில்லை. வரலாறு படிக்க இதாகாவுக்கு வந்தார். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்று அப்போது விதி இருந்ததால், அவருக்குக் கிடைத்தவை மூன்று பருவங்கள். அந்த மூன்றில் அவர் கணக்கில் 76 வெற்றி, 4 தோல்வி, ஒரு சமன்.

ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு தருணத்திலும் டிரைடன் நிற்கும் நிலை ஒன்று உண்டு. மட்டையை முன்னால் செங்குத்தாக ஊன்றுவார். அதன் மேல்நுனியில் இரண்டு கைகளையும் கோத்து வைத்து, அதன்மேல் உடம்பைச் சாய்த்துக்கொள்வார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆளைப்போல அப்படியே நிற்பார். எதிரணி அந்த நிதானத்தைப் பார்த்தே சோர்ந்துவிடும் என்பார்கள். பின்னாளில் மாண்ட்ரியலில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தபோதும் அந்த நிலையில்தான் வார்த்தார்கள்.

1967இல் சிராக்யூஸ் நகரத்தில் நடந்த இறுதியாட்டத்தில் கார்னெல் 4-1 என்று பாஸ்டன் பல்கலைக்கழகத்தை வென்றது. பன்னிரண்டு வருஷப் பஞ்சம் தீர்ந்தது. டிரைடனுக்கு அது முதல் பருவம். இனி மூன்று கோப்பையும் நமக்கே என்று இதாகா நினைத்திருக்கும். 1968இல் அரையிறுதியில் நார்த் டகோட்டா 3-1 என்று வெளியே அனுப்பியது. 1969இல் இறுதிவரை போய், கொலராடோவில் டென்வரிடம் 4-3 என்று தோற்றார்கள். ஆண்டுக்கு 27 வெற்றி, ஒன்றோ இரண்டோ தோல்வி. அந்த ஒன்றிரண்டும் சரியாகத் தேவையில்லாத நாளில் வந்து தொலைத்தன. டிரைடன் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகுள்ள அவர் வாழ்க்கையைத் தனித் தொடராகவே எழுதலாம். 1971இல் மாண்ட்ரியலுக்காக வெறும் ஆறு லீக் ஆட்டங்கள் ஆடிய கையோடு ஸ்டான்லி கோப்பை ஆட்டங்களில் நிறுத்தப்பட்டு, கோப்பையையும் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். சிறந்த புதுமுகம் என்ற விருது அதற்கு அடுத்த வருஷம்தான் வந்தது! மொத்தம் ஆறு ஸ்டான்லி கோப்பைகள். நடுவில் ஒரு வருஷம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வக்கீல் அலுவலகத்தில் பயிற்சிக்குப் போனார். பிறகு எழுத்தாளர், கனடாவின் மத்திய அமைச்சர். 2025 செப்டம்பரில் தம் 78ஆவது வயதில் காலமானார். இவரை இழந்த அணிதான் 1969 குளிர்காலத்தில் லைனா ரிங்க்கில் இறங்கியது.

டிரைடன் நின்ற இடத்தில் பிரையன் க்ராப்பர் நின்றார். நெடிய டிரைடனைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, க்ராப்பர் கோல் கம்பிகளுக்கு நடுவே காணாமலே போய்விட்டதுபோல இருந்திருக்கும். அவ்வளவு சிறிய உருவம். அந்த வருஷம் கார்னெல் 29 ஆட்டங்கள் ஆடியது. 29உம் வெற்றி. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் ஒரு தோல்வி, ஒரு சமன் கூட இல்லாமல் தேசியப் பட்டம் வென்ற முதல்நிலை ஆண்கள் அணி இன்றுவரை இது ஒன்றுதான்.

இதை எழுதுகிறவர்கள் எல்லோரும் யானைப் பலம் கொண்ட அணி, எதிர்த்து நிற்க ஆளில்லை என்ற தொனியிலேயே எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசி நான்கு ஆட்டங்களைப் பாருங்கள். கிழக்குப் பிராந்தியத் தொடரின் அரையிறுதியில் ஹார்வர்டை 6-5. அதன் இறுதியில் கிளார்க்சனை 3-2, அதுவும் ஆட்டம் முடியக் கடைசி விநாடிகள் இருக்கும்போது விழுந்த கோலில். தேசிய அரையிறுதியில் விஸ்கான்சினை 2-1. இறுதியில் மறுபடி கிளார்க்சன், 6-4. நாலு ஆட்டத்துக்கும் சேர்த்து முன்னிலை ஐந்தே கோல். பக் ஒருமுறை கம்பியில் பட்டு வெளியே தெறித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் தெறித்தது, அவ்வளவுதான். டிரைடன் அணியைவிட இது பலமான அணி என்று நான் சொல்ல மாட்டேன். நெருக்கடியில் கை நடுங்காத அணி. பின்னால் மலைபோல ஒரு ஆள் நிற்கிறார் என்ற தைரியம் போனபிறகு, முன்னால் ஆடுகிறவர்கள் தாங்களே முடித்தாக வேண்டியிருந்தது.

அதற்குச் சாட்சி டான் லொட்போவா. ஒன்டாரியோக்காரர். முன்னால் ஆடும் தாக்குதல்காரராக வந்தவரை ஹார்க்னஸ் பின்னால் இழுத்து டிஃபன்ஸில் போட்டார். கோல் அடிக்கிறவனைப் பின்னால் போடுவது வீண் என்று தோன்றும். ஹார்க்னஸ் கணக்கு வேறு. பின்னாலிருந்து பக்கோடு கிளம்பி வருகிறவனை யார் பிடிப்பது என்று எதிரணி முடிவு செய்வதற்குள் அவன் கோலடிக்கு வந்துவிடுவான்.

1970 மார்ச் மாதம், கிளார்க்சனுடனான அந்த இறுதியாட்டம், லேக் பிளாசிட். 1932 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய அரங்கம். (பத்து ஆண்டுகள் கழித்து, 1980இல், அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் சோவியத் அணியைத் தோற்கடித்தது இதன் பக்கத்திலேயே எழுந்த புது அரங்கத்தில். அதைத் தனியாகப் பார்ப்போம்.) கடைசி இருபது நிமிடங்களில் லொட்போவா தொடர்ந்து மூன்று கோல்கள் போட்டார். நடுவில் வேறு யாருடைய கோலும் இல்லை. ஒரு டிஃபன்ஸ்காரர், தேசிய இறுதியாட்டத்தில், ஒரே பகுதியில்! தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவருக்குக் கொடுத்தார்கள், கொடுக்காமல் என்ன செய்வார்கள்?

லைனா ரிங்க்கின் ரசிகர்களைச் சொல்லாமல் இந்த அணியின் கதை நிரம்பாது. 1967க்கும் 1972க்கும் இடையில் கார்னெல் அந்தத் தளத்தில் தொடர்ந்து 63 ஆட்டங்கள் வென்றது. அதில் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. இன்றும் அங்கே எதிரணியின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்கத் தொடங்கியதும் மாணவர் பகுதி முழுக்க செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, உங்களைப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை என்பதாக உட்கார்ந்திருக்கும். வாசித்து முடிந்ததும் தாள்கள் கசங்கிப் பறக்கும். ஒருவர் மாட்டு மணியை அடிக்க, கூட்டம் அந்தத் தாளத்துக்குக் கத்தும். தேசிய கீதத்தின் நடுவே ‘ரெட்’ என்ற சொல் வரும்போது மட்டும் நாலாயிரம் பேரும் ஒரே குரலில் முழங்குவார்கள். சிவப்பு அவர்கள் அணியின் நிறம்.

மீன் விவகாரம் இன்னும் மோசம். 1973இல் பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் ஹார்வர்ட் ரசிகர்கள் கார்னெல் கோல் கீப்பரிடம் ஒரு கோழியை வீசினார்கள். நீங்கள் வேளாண்மைக் கல்லூரிப் பட்டிக்காட்டான்கள் என்பது அதன் பொருள். ஹார்வர்ட் அடுத்து இதாகா வந்தபோது, தளத்தில் இறங்கிய ஆட்டக்காரர்கள் மீது மீன் மழை. பாஸ்டன் கடலோரத்து மீன்பிடி ஊர் அல்லவா? அன்று தொடங்கிய வழக்கம் இன்னும் நிற்கவில்லை. கோட்டுக்குள் மீனை ஒளித்துக்கொண்டு வாசல் சோதனையைத் தாண்டுவது ஒரு கலை. ஆட்டம் தொடங்கியபிறகு எவனாவது வீசினால் கார்னெல் அணிக்கே பெனால்டி விழும் என்று ஒலிபெருக்கியில் கெஞ்சுவார்கள். சில வருஷம் விழுந்தும் இருக்கிறது. வளாகத்தில் இத்தனை வேடிக்கை பார்த்த ஹார்வர்ட் ஆட்டக்காரர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், செதிலும் சேறுமாக இருக்கும் பனியைத் துடைத்து முடிக்கும்வரை அவர்கள் ஓரமாக நிற்க வேண்டும்.

1970க்குப் பிறகு கார்னெலுக்குத் தேசியக் கோப்பை கிடைக்கவே இல்லை. 1972இல் இறுதியில் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் 4-0. 1973 அரையிறுதியில் விஸ்கான்சினை 5-2 என்று முந்தியிருந்து, முழு நேரம் முடிய ஐந்து விநாடி இருக்கும்போது சமன் கோல் வாங்கி, ஓவர்டைமில் தோற்றார்கள். 2020 மார்ச்சில், 23 வெற்றி 2 தோல்வி 4 சமன் என்ற நிலையில் தேசியத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தபோது, கொரோனா பருவத்தையே மூடிவிட்டது.

ஹார்க்னஸ் அந்த 29-0 பருவம் முடிந்த கையோடு இதாகாவை விட்டுக் கிளம்பினார். ஏழு ஆண்டுகளில் 163 வெற்றி, 27 தோல்வி, 2 சமன். அவர் இடத்துக்கு வந்தவர் டிக் பெர்ட்ராண்ட். சில மாதங்கள் முன்புவரை அதே அணியில் ஆடிக்கொண்டிருந்த மாணவர்! ஹார்க்னஸ் போனது தொழில்முறை லீக்கின் டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்கு. கல்லூரியிலிருந்து ஒருவர் நேராக அங்கே பயிற்சியாளராகப் போவது அன்று கேள்விப்படாத விஷயம். கார்டி ஹோ போன்ற ஜாம்பவான்கள் இருந்த அணி. கல்லூரிப் பையன்களிடம் எடுபட்ட கண்டிப்பு குடும்பம் குட்டி என்று ஆகிவிட்ட ஆட்டக்காரர்களிடம் எடுபடவில்லை. 1971 ஜனவரி 2ஆம் தேதி டொராண்டோவில் 13-0 என்று தோற்றார்கள். 38 ஆட்டங்களோடு பயிற்சியாளர் பதவி முடிந்தது. நிர்வாகம் அவரை வெளியே அனுப்பவில்லை, பொது மேலாளராக மேலே ஏற்றியது. ரசிகர்கள் இன்னும் கோபமானார்கள்.

1975இல் அவர் மறுபடியும் ஒரு கல்லூரிக்கு வந்தார். ஸ்கெனெக்டடி நகரத்தில் யூனியன் என்ற சின்னக் கல்லூரி. அங்கே நடந்தது வேறு மாதிரியான கதை. இரண்டரை வருஷம்கூட முடியாமல் அவர் ராஜினாமா செய்தார், கூடவே அணியும் வெளியேறியது.

(தொடரும்)